இருமல் உட்பட

ஜூன் 3, செவ்வாய்

மைக் அண்ணன் இன்று மைக்கிலேயே என் பெயரைச் சொல்லிவிட்டார், ஷர்மிளா என்று முழுசாக, எட்டு ஸ்பீக்கரிலும், செங்குளத்துப்பட்டி பஸ் ஸ்டாண்டு மொத்தமும் கேட்க!!!

எழுத்து கோணலாகப் போகிறது, போகட்டும்.

நாலு வருஷம். பதினோராம் வகுப்பில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஆரம்பித்தது. மைக் ரூமில் இருந்து ஒருவர் பஸ் நேரம் சொல்வார், ஜவுளிக்கடை விளம்பரம் படிப்பார், நடுவில் தன் பங்குக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் மூன்றாவது நடைமேடை புளியமரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வீட்டுக்கு வந்து வெட்டி ஒட்டி, ‘மூணாவது நடைமேடை’ என்று இணையத்தில் நான் நடத்துகிற பக்கத்தில் போடுவேன். எடிட்டிங் யாரும் சொல்லித் தரவில்லை, வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. இன்றைக்கு முப்பத்தெட்டாயிரம் பேர் கேட்கிறார்கள். ஆனால் மைக் ரூம் பக்கம் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. கோபுரத்தில் பார்த்த சாமியைக் கிட்டப் போய்ப் பார்த்தால் சிமெண்ட் தெரிந்துவிடுமோ என்று பயம்.

இன்று சொன்னது அப்படியே:

“பழனி, உடுமலை வழியா பொள்ளாச்சி போற வண்டி ரெண்டாவது நடைமேடையில நிக்குது. மூணாவதுல புளியமரத்தடில போனைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்கிற ஷர்மிளா பாப்பா, கை வலிக்கப் போகுது. இங்க ரூமுக்குள்ள வந்து பதிவு பண்ணிக்கம்மா. நாலு வருஷமா நிக்கிற. இந்த ஸ்டாண்டுல எந்த வண்டியும் அவ்ளோ நேரம் நின்னதில்ல.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பூக்கார அக்கா கை தட்டினார். எப்படி ரூம் வரைக்கும் நடந்தேன் என்று ஞாபகமில்லை.

குரலைவிட ஆள் சின்னவர். நாற்பத்தேழு வயசு. பெயர் குழந்தைவேலு, இன்றைக்குத்தான் தெரியும். மைக்கின் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டியிருக்கிறார். பக்கத்தில் வெந்நீர் பிளாஸ்க்.

“என் பேரு எப்படிண்ணே தெரியும்?”

“டீக்கடை காதர் பாய் சொன்னாரு. உன் பக்கத்துல நான் பெரிய ஆளாமே? வீட்டுல சொன்னா எம் பொண்டாட்டி நம்ப மாட்டேங்கறா. தெனமும் போட்டுக் காட்டுறேன், அப்பவும் நம்பல.”

இன்றைய கிளிப்: “ஜன்னலோரம் சீட்டுக் கெடைச்சவரு, பக்கத்துல நிக்கிற வயசானவங்களைப் பாக்க மாட்டாரு. வெளில மரத்தைப் பாப்பாரு. அன்னிக்கு மட்டும் மரத்து மேல அவ்ளோ பாசம்.”

நடுவில் இரண்டு இருமல். வெட்டிவிட்டேன். மூச்சு வாங்கிய இடத்தையும் எடுத்துவிட்டேன். இருபத்து மூன்று நொடி பதினாறாக வந்தது. சுத்தமாக இருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

அம்மா தையல் மெஷினுக்கு ஊசி வாங்கி வரச் சொன்னார். மறந்துவிட்டேன். “பஸ்ஸு டயம் மட்டும் மறக்காது” என்றார். படிப்பை முடிக்காமல் வந்த பெண்ணிடம் எல்லா அம்மாக்களும் ஊசியில் ஆரம்பித்து வேலையில்தான் முடிப்பார்கள்.

ஜூன் 9, திங்கள்

சந்தை நாள். மைக் ரூமில் ஒரு மூலையில் ஸ்டூல் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஸ்டூல்! எனக்கு!

பத்தரை மணிக்கு ஓர் அம்மா ஓடி வந்தார். பிள்ளையைக் காணோம். நாலு வயசு, பச்சைச் சட்டை என்று அழுதுகொண்டே சொன்னார். அண்ணன் சட்டை நிறத்தை மைக்கில் சொல்லவே இல்லை. குரலை அடி மட்டத்துக்கு இறக்கினார்.

“எல்லாரும் நின்ன எடத்துலயே நில்லுங்க. டிரைவர் அண்ணமாரு எஞ்சினை அணைங்க. ஒரு பிள்ளையக் காணோம். முழங்கால் ஒசரத்துல பாருங்க.”

அவ்வளவுதான். ஸ்டாண்டு உறைந்தது. ஒரு நிமிஷம் ஆகவில்லை, சிப்ஸ் வண்டிக்கு அடியில் பிள்ளை கிடைத்துவிட்டது.

“ஏண்ணே நிறத்தைச் சொல்லல?”

“நிறத்தைச் சொன்னா எல்லாரும் எட்டத்துல தேடுவாங்க பாப்பா. பிள்ளை அவங்க காலடியிலயே நிக்கும்.”

அதற்கப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒட்டன்சத்திரம் பஸ்ஸைக் கூப்பிட்டார். கூடவே இது:

“சீட்டுல துண்டு போட்டு எடம் புடிச்சவரு கவனத்துக்கு. துண்டு ஊருக்குக் கெளம்பிருச்சு. நீங்க இன்னும் டீக்கடையிலதான் நிக்கிறீங்க.”

துண்டு போட்ட ஆள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஏனென்றால் துண்டு போட்டவர்கள் அந்த நேரத்தில் பத்துப் பேராவது இருப்பார்கள், ஒவ்வொருவரும் மற்றவரைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மதியம் இன்னொன்று: “கூட்டமான வண்டில ஏறுற வரைக்கும், ‘உள்ள தள்ளிப் போங்கய்யா, எவ்ளோ எடம் கெடக்கு’ம்பாரு. ஏறினதும், ‘எடமில்ல, அடுத்த வண்டில வாங்க’ம்பாரு. நடுவுல மாறினது ஒரே ஒரு படிக்கட்டு.”

இதில் நாலு இருமல். வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் ஒட்டு தெரியவில்லை. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

“ஒட்டன்” என்றார். “சத்திரம்” வரவில்லை. வெறும் காற்று வந்தது. மைக்கை ஊதிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். மைக் நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 16, திங்கள்

அண்ணனின் மனைவி தெய்வானை அக்கா போன் செய்தார். குரல் நாணில் ஒரு முடிச்சாம். புதன்கிழமை ஆபரேஷன். அதற்கப்புறம் மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாதாம்.

“வீட்டுல ரெண்டு மாசமாத்தான் இருமுறாரு பாப்பா. டாக்டரு அதுக்கும் ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும்ங்கறாரு. மைக்குல பேசுறப்ப இருந்துச்சா? நீதான் தெனமும் கேக்குற.”

“தெரியலைக்கா” என்றேன்.

என் பக்கத்தில் இருக்கிற நானூற்றுப் பன்னிரண்டு கிளிப்பில் ஒன்றில்கூட இருமல் கிடையாது. அது உண்மைதான்.

ஊசி வாங்கிவிட்டேன். அம்மாவுக்கு ஆச்சரியம்.

ஜூன் 19, வியாழன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதலில் அதைத்தான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டு ஊமையாகிக் கிடக்கிறது. கண்டக்டர்கள் கத்துகிறார்கள், அது வேறு. பக்கத்தில் ஒரு வாரமாகப் புதிதாக ஒன்றும் போடவில்லை. ‘அண்ணன் எங்கே?’ என்று முந்நூறு கமெண்ட். அறுநூறு பேர் விலகிப் போய்விட்டார்கள். அறுநூறு பேர்! அண்ணன் மேல் பிரியமாக இருக்கிறோம் என்று எழுதிய அதே ஆட்கள். ஒரு வாரம் பேசாமல் இருந்து பார்த்தால்தான் எத்தனை பேருக்கு நாம் வேண்டும், எத்தனை பேருக்கு நம் சத்தம் வேண்டும் என்று தெரியும் போல.

ஒரு யோசனை. ஒருவரின் குரல் பதிவுகளை ஏற்றினால் அதே குரலில் பேசுகிற ஆப் ஒன்று இருக்கிறது. சத்தம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். என்னிடம் இருப்பதைவிடச் சுத்தமாக யாரிடம் இருக்கும்?

நானூற்றுப் பன்னிரண்டையும் ஏற்றினேன்.

ஜூன் 21, சனி

வந்துவிட்டது. அண்ணனேதான்! நான் தட்டச்சு செய்ததை அண்ணன் பேசுகிறார். ‘சீக்கிரம் வருவேன், அதுவரைக்கும் வண்டியை நீங்களே தேடிக்கங்க’ என்று எழுதிப் போட்டேன். ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் கேட்டுவிட்டார்கள். பாதிப் பேர் அழுகிற பொம்மை போட்டிருக்கிறார்கள். ஆப்பில் செய்தது என்று கீழே எழுதலாம் என்று இருந்தேன். எழுதினால் அழுகை குறைந்துவிடும்.

அண்ணன் வீட்டுக்குப் போய்க் காட்டினேன். கழுத்தில் துண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடிக் கேட்டார். நோட்டில் எழுதினார்:

‘நல்லா இருக்கு. இவன் மூச்சே விடலையே?’

விழுந்து விழுந்து சிரித்தேன். ஆபரேஷன் முடிந்தும் நக்கல் போகவில்லை பாருங்கள்!

தெய்வானை அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். காபி கொண்டுவருவார் என்று நினைத்தேன். வரவில்லை. வேலையாக இருந்திருப்பார்.

ஜூன் 23, திங்கள்

பரமானந்தம் சார் கூப்பிட்டார். பஸ் ஸ்டாண்டு மைக்கை நகராட்சியில் டெண்டர் எடுத்திருப்பவர் அவர்தான். விளம்பரமெல்லாம் அவருடையது.

“உன் ஆடியோ கேட்டேம்மா. அசந்து போயிட்டேன். அதே குரல்ல பஸ் டைமும் விளம்பரமும் ஓட்ட முடியுமா?”

“முடியும் சார்.”

“அப்ப வந்து உக்காரு. வேலைன்னே வெச்சுக்க.”

“அண்ணன் திரும்பி வர்ற வரைக்கும்தான் சார். மொதல்ல ஒரு பத்து நாள்.”

“சரிம்மா, பத்து நாள். நான் என்ன வேணாம்னா சொன்னேன்?”

நான் போகாவிட்டால் வேறு யாராவது போய் உட்காருவார்கள். நான் என்றால் அண்ணனின் இடத்தைப் பத்திரமாக வைத்திருப்பேன். அண்ணனிடம் இன்று சொல்லவில்லை. ஓய்வில் இருப்பவரை எதற்குத் தொந்தரவு செய்வது.

அம்மா கேசரி கிளறினார். கேட்டு நாலு வருஷம் ஆன கேசரி.

ஸ்டூலில் இல்லை, நாற்காலியில் உட்கார்ந்தேன். மைக்கின் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் கம்ப்யூட்டரைச் சொருகினேன். மைக்கை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். அது வேலையில்லாமல் மேஜையை அடைத்துக்கொண்டிருந்தது.

ஜூன் 26, வியாழன்

செம! இன்றைக்கு நானே ஒரு வாக்கியம் எழுதினேன். நாலாவது நடைமேடையில் நீலச் சேலை கட்டிய ஓர் அம்மா, இரண்டு கையிலும் எவர்சில்வர் குடம், தலையில் மூட்டை, இடுப்பில் கோழி. உடனே தட்டினேன்:

“நாலாவது நடைமேடை நீலச் சேலை அக்கா, வீட்டையே எடுத்துட்டுக் கெளம்பிட்டீங்களா, இல்ல, கதவை மட்டும் விட்டுட்டு வந்தீங்களா?”

மொத்த ஸ்டாண்டும் அவர் பக்கம் திரும்பிச் சிரித்தது. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு பின்னால் நின்ற வண்டியில் ஏறிவிட்டார். அது அவர் போகிற ஊர் வண்டி இல்லை என்று கண்டக்டர் இறக்கிவிட்டார். மறுபடி சிரிப்பு.

ஒன்பதாயிரம் லைக். அண்ணன் குரலில் என் நகைச்சுவை! சில பேர், ‘அண்ணன் இப்போதெல்லாம் முன்னைவிடக் காரம்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டில் அம்மா கேட்டார், “ஏன் அந்த ஆளு இன்னிக்கு ஒரு பொம்பளைய அப்படிப் பேசுனாரு? அவரு அப்படிப் பேச மாட்டாரே.”

தண்ணீர் எடுக்க எழுந்து போனேன்.

ஜூன் 30, திங்கள்

தெய்வானை அக்கா பஸ் ஸ்டாண்டு வந்திருந்தார். கையில் மருந்துப் பை. ஸ்பீக்கரில் அண்ணன் குரலில் ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நடு வழியில் நின்று ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் மைக் ரூம் ஜன்னலைப் பார்த்தார்.

புளியமரம் பூத்திருக்கிறது. சின்னச் சின்னப் பூ, மஞ்சளில் சிவப்புக் கோடு. நாலு வருஷம் அதனடியில் நின்றும் கவனித்ததில்லை. வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பியபோது அக்கா இல்லை.

ஜூலை 3, வியாழன்

பத்து நாள் முடிந்தது. பரமானந்தம் சார் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 5, சனி

இதை எழுதாமல் தூங்க முடியாது.

காலை பதினொன்றரை. ஒரு பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்கினார். “என் மகளைக் காணோங்க, சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க.” மூன்று வயசு. மஞ்சள் கவுன்.

தட்டினேன். ‘மூன்று வயதுப் பெண் குழந்தையைக் காணவில்லை, மஞ்சள் கவுன், எல்லோரும் தேடுங்கள்.’

அண்ணன் குரல் அதை ஆடித் தள்ளுபடி சொல்கிற அதே உற்சாகத்தோடு சொன்னது.

ஸ்டாண்டு சிரித்தது. அடுத்து என்ன ஜோக் வரப்போகிறது என்று முகத்தைத் தூக்கி ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். பத்து நாளாக நான் அப்படித்தானே பழக்கியிருந்தேன்.

‘இது விளையாட்டு இல்லை, நிஜம்’ என்று தட்டினேன். குரல் அதையும் குஷியாகச் சொன்னது. இன்னும் பெரிய சிரிப்பு. அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே தன் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். நான் கத்தினேன். ரூமுக்குள் கத்தினேன். மைக் அலமாரி மேல் கிடந்தது. வயரைப் பிடுங்கியது நான்தான். எந்தத் துளையில் எது போகும் என்று கை தடுமாறியது.

அப்போது வெளியே போகிற வழியில் ஒரு பஸ் கிறீச்சென்று நின்றது.

அதற்கு முன்னால் ஒருவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். கழுத்தில் துண்டு. குழந்தைவேலு அண்ணன். டாக்டரிடம் காட்டிவிட்டுத் திண்டுக்கல் வண்டியில் அப்போதுதான் இறங்கியிருக்கிறார். டிரைவர் திட்ட வாயைத் திறந்து, ஆளைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பேச முடியாது. அப்படியே தரையில் குந்தினார். குந்தினபடி கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, நின்றவர்களின் கால்களுக்கு நடுவே பார்த்தார்.

முதலில் அந்த டிரைவர் எஞ்சினை அணைத்தார். பக்கத்து வண்டி அணைந்தது. அடுத்தது. காதர் பாய் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினார். பூக்கார அக்கா. கண்டக்டர்கள். காலேஜ் பையன்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரிய பெரிய ஆட்கள். ஒரு சத்தம் இல்லை. செங்குளத்துப்பட்டி பஸ் ஸ்டாண்டு முழுக்க மூன்று வயசு உயரத்துக்கு வந்துவிட்டது. அந்த உயரத்தில் நாலாவது நடைமேடை வரைக்கும் தெரிந்தது.

“இந்தா இருக்கு!” என்று யாரோ கத்தினார்கள்.

தாராபுரம் வண்டியின் பின் டயர் நிழலில், டயரில் சாய்ந்து உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி விளையாடிக்கொண்டிருந்தது. அந்த வண்டி பின்னால் எடுப்பதற்காகக் கிளப்பி வைத்திருந்த வண்டி.

அண்ணன் ரூமுக்கு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. அலமாரி மேலிருந்து மைக்கை எடுத்தார். சிவப்புக் கைக்குட்டையை அவிழ்த்துத் தூசியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, இலை உரசுகிற மாதிரி ஒரு குரலில் சொன்னார், “பிள்ளை கெடைச்சிருச்சுல்ல. அழுவாத.”

ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் பேசிய முதல் வார்த்தை. பேசக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளில் இன்னும் நாலு நாள் பாக்கி இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொல்லிவிட்டேன். உள்ளே உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

“அக்கா, நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன். இருமல் இருந்துச்சு. ரொம்ப நாளா இருந்துச்சு. நான்தான் வெட்டினேன். கேக்க நல்லா இருக்கணும்னு.”

தெய்வானை அக்கா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தார்.

“ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு நான் கூப்புடுறப்பல்லாம் உன் பக்கத்தைத்தான் போட்டுக் காட்டுவாரு பாப்பா. ‘பாரு, கொரலு கிண்ணுன்னு இருக்கு, இதுக்குப் போயி டாக்டரா’ம்பாரு. நானும் கேப்பேன். கிண்ணுன்னுதான் இருக்கும்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உள்ளேயிருந்து அண்ணன் நோட்டைத் தூக்கிக் காட்டினார். ‘நான் இருமுனப்ப எனக்குத் தெரியாதா? எனக்கும் நீ வெட்டினதுதான் புடிச்சுது. அதையும் எழுதிக்க.’

எழுதிவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

பரமானந்தம் சாரிடம் போய், நான் வரமாட்டேன், அண்ணனுக்கே கொடுங்கள் என்றேன்.

“நீயும் வேணாம்மா, அவரும் வேணாம். குரல் இருக்கே. என் மச்சினன் தட்டிக்குவான். அது டீ கேக்காது, லீவு கேக்காது, இருமாது.”

“அந்தக் குரல் என் கணக்குல இருக்கு சார். அழிச்சிருவேன்.”

“அழி. உன் பக்கத்துல நானூறு கெடக்குல்ல? எவனாவது எடுத்து மறுபடியும் பண்ணிக் குடுப்பான்.”

வெளியே டிரைவர்கள் கூடி நின்றார்கள். சனிக்கிழமை நடந்தது அவர்களுக்கு மறக்கவில்லை. தாராபுரம் வண்டி டிரைவர் உள்ளே வந்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “சார், அன்னிக்கு அந்த மனுசன் குந்தலேன்னா இன்னிக்கு நான் உங்க முன்னாடி நின்னுட்டு இருக்க மாட்டேன்.”

சார் காலண்டரைப் புரட்டினார். அப்புறம் சொன்னார்: “பதினாலாம் தேதி திங்கக்கெழமை, காலைல பத்து மணி. சந்தை நாள். மைக்குல அவரு சொந்தக் கொரலு நாலாவது நடைமேடை வரைக்கும் தெளிவாக் கேட்டுதுன்னா அவரே இருக்கட்டும். கேக்கலேன்னா நான் என் வழியப் பாத்துக்குவேன்.”

ஜூலை 9, புதன்

ஆப்பில் இருந்த குரலை ஒரே தட்டில் அழித்தேன். பக்கத்தில் இருப்பதை அப்படி அழிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து, நிச்சயமாகவா என்று அது கேட்க, ஆமாம் என்று சொல்ல வேண்டும். ஆப் குரலில் போட்டவை போக, நானூற்றுப் பன்னிரண்டு தடவை ஆமாம்.

அழிப்பதற்கு முன் ஒவ்வொன்றின் அசலையும் மெமரி கார்டிலிருந்து கேட்டேன். வெட்டாதது. முதல் இருமல் போன வருஷம் மே மாசம். ‘வழியனுப்ப வந்தவங்க வண்டி கெளம்புற வரைக்கும் பேச விஷயம் தேடுவாங்க, கெளம்பின பிறகுதான் விஷயம் ஞாபகம் வரும்’ என்று சொன்னாரே, அதில். ‘தேடுவாங்க’வுக்கும் ‘கெளம்பின’வுக்கும் நடுவில். பதினான்கு மாசம். ஆனியில் ஒன்று, ஐப்பசியில் இரண்டு, பொங்கலுக்குப் பிறகு மூன்று நான்கு. தேதியோடு ஒரு தாளில் எழுதி, கார்டையும் சேர்த்துத் தெய்வானை அக்காவிடம் கொடுத்தேன். டாக்டரிடம் காட்டட்டும்.

இன்னொன்றும் கேட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் அண்ணன் கொஞ்சம் நிறுத்துகிறார். அந்த நேரத்தில் ஸ்டாண்டு கேட்கிறது. ஒரு குழந்தை அழுகிறது, ஒருவர் யாரையோ கூப்பிடுகிறார், அண்ணன் அதைக் கேட்டு முடித்துவிட்டுத்தான் பேசுகிறார். நான் அந்த இடத்தைக் காலி என்று நினைத்து நாலு வருஷமாக வெட்டிக்கொண்டிருந்தேன்.

ரசிகை என்று சொல்லிக்கொண்டேன். எனக்கு ஆள் தேவைப்படவில்லை. அவருடைய பதினாறு நொடி போதுமாக இருந்தது.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “வேலை போச்சா?” என்றார். “போச்சும்மா.” “சரி, இந்தா, இந்த ஊசியில நூல் கோத்துக் குடு. எனக்குக் கண்ணு தெரியல.” கோர்த்துக் கொடுத்தேன். அம்மாவுக்குக் கண் தெரியவில்லை என்பது எனக்கு எப்போதிலிருந்து தெரியாது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

இது டைரியில் மட்டும் எழுதுவதில்லை. ஜூன் 3 முதல் இன்று வரைக்கும் எழுதிய எல்லாவற்றையும் அப்படியே ‘மூணாவது நடைமேடை’ பக்கத்தில் போடுகிறேன். ஒரு வரியும் எடுக்கவில்லை. நீலச் சேலை அக்காவுக்கு நடந்ததை எடுத்துவிடலாம் என்று கை போனது, எடுக்கவில்லை. அக்கா, நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அதைப் பேசியது அண்ணன் இல்லை. நான்.

பக்கத்தில் இனி இது ஒன்றுதான் இருக்கும்.

முப்பத்தேழாயிரம் பேரும் எனக்காக மூன்று காரியம் செய்யுங்கள். அண்ணனுடைய பழைய கிளிப் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். இந்தப் பதிவை மட்டும் பகிருங்கள், டிரைவர், கண்டக்டர் யாரைத் தெரிந்தாலும் அவர்களுக்கு. அப்புறம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் செங்குளத்துப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள்.

கைதட்ட வேண்டாம், கோஷம் வேண்டாம். டிரைவர் அண்ணன்மாரே, அந்தப் பத்து நிமிஷம் ஹாரன் அடிக்காதீர்கள். அவர் குரல் பழைய குரலில் பாதிகூட இல்லை, நேற்று மைக் இல்லாமல் பேசிக் காட்டினார், நான் ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டுத்தான் கேட்டேன். நாலாவது நடைமேடை வரைக்கும் அது போய்ச் சேருமா என்று எனக்குத் தெரியாது. அது அவர் தொண்டையில் மட்டும் இல்லை, நாம் எவ்வளவு சத்தம் போடாமல் நிற்கிறோம் என்பதிலும் இருக்கிறது. நான் நாலாவது நடைமேடைக் கடைசியில் நிற்பேன். கேட்டால் கையைத் தூக்குவேன். உங்களுக்கும் கேட்டால் தூக்குங்கள். கேட்காவிட்டால் பொய்யாகத் தூக்காதீர்கள், இரண்டடி முன்னால் வாருங்கள்.

போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். அவர் நிறுத்துகிற இடத்தில் நீங்களும் நில்லுங்கள், முடிந்துவிட்டது என்று கிளம்பாதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

இருமல் உட்பட.